அடிவயிறு

பகலில் பல் கட்டுகிறேன்,
பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே,
டொக்டர் அறைக்குப் பின்னால் ஒரு ஜன்னலோரம்.
ராத்திரி அதே மேசை, அதே சாணை,
அதே ஊசிமுனை பர்.
வாய்க்குப் பதிலாக ஒரு ஹெலிகொப்டர்.

ஒன்றுக்கு இருபத்திநாலு அளவு.
மூக்கிலிருந்து வால்வரை ஒரு முழத்துக்கும் மேலே.
பெட்டியில் வந்தவனுக்கு எஞ்சின் ஒன்று.
எதிரிமான்ன கேட்டதோ இரட்டை.
தியத்தலாவையிலிருந்து கீழ்வரிசைப் பல்லுக்கு வந்தவர்,
அலுமாரிக்கு மேல் நான் வைத்திருந்த பழையதைப் பார்த்துவிட்டார்.
"பெல் டூ ட்வெல்வ், மிஸ். அதில பன்னிரண்டு வருஷம்
கதவோரம் இருந்தேன் நான்."

மூக்கை அறுத்து நீட்டினேன்.
ஈறு வார்க்கும் அக்ரிலிக்கில்
புகைக்குழாய் இரண்டு.
கறுப்பு ஏறும்வரை அவை
யாரோ சிரிக்கப்போவதுபோல
ரோஸ் நிறத்தில் இருந்தன.
பல்லைப் பிடிக்கும் கம்பி கைப்பிடியாயிற்று.
தேயிலைப் பையின் வெள்ளித் தாளைக் கசக்கி விரித்து
உள்சுவருக்கு மெத்தை தைத்தேன்.
ஆணித்தலைகளோ ஊசிநுனியில் ஒவ்வொரு சொட்டுப் பசை:
ஆயிரத்து நானூறுவரை எண்ணினேன்,
பிறகு எண்ணுவது கையை நடுக்கியது.

ஐப்பசி. மலை ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்தது.
அடித்த பச்சையெல்லாம் ஈரத்தில் வெள்ளை பூத்தது.
சுரண்டினேன், திரும்ப அடித்தேன்,
ஹெயார் ட்ரையருக்கு ஒரு கிழமை கரண்ட் காசு.

அவர் வாரம் ஒருமுறை வருவார்,
பல்லைக் கடித்துக் காட்டிவிட்டு
ஞாபகத்தை எடுத்து வைப்பார்:
இடது சீட்டின் மூலை கிழிந்திருந்தது.
உயரம் காட்டும் டயலின் கண்ணாடியில் கீறல்.
தோட்டாப் பெட்டியின் மூடி ஒருபோதும் சரியாக மூடாது.
கீறினேன், கிழித்தேன், மூடாமல் விட்டேன்.

"அடிப்பக்கம்?" என்றேன்.
கையில் வாங்கிக் கவிழ்த்தார்.
வெறும் பிளாஸ்டிக்.
"தெரியாது மிஸ். நான் உள்ளேதானே.
குனிஞ்சு பார்க்கிறவன் மெக்கானிக். அவன் செத்துட்டான்."

அந்த ஞாயிறு யோகமலர் எடுத்தாள், தர்மபுரத்திலிருந்து.
எழுபத்தேழில் பிட்டரத்மலையை விட்டு
ஒரு லொறியில் வடக்கே போன
சித்தப்பாவின் மகள்.
மகளுக்குப் பல் க்ளிப் போட எவ்வளவு வரும் என்று கேட்டாள்.
சொன்னேன். பிறகு நானும் ஒன்று கேட்டேன்.

போனில் ஒரு சேவல் கூவி முடித்தது.

"பச்சை இல்ல. வெளிறின சாம்பல்.
நடுவில சதுரமா ஒரு தகடு, நிறம் ஒட்டாம இருக்கும்.
எண்ணெய் வடிஞ்சு வால் பக்கமா மூணு கோடு,
நடுக்கோடுதான் நீளம்.
பங்கர் வாசல்ல மல்லாந்து கிடந்தா
வேற என்னத்தைப் பார்க்கிறது?"
கொஞ்சம் பொறுத்து, "ஏன்?"
ஒருத்தருக்குப் பொம்மை செய்கிறேன் என்றேன்.
"காசு வாங்கு," என்றாள். "நல்லா வாங்கு."

அவள் பார்த்ததும் அவர் இருந்ததும்
ஒன்றேதானா, எனக்குத் தெரியாது.
நம்பரை அவளிடம் கேட்கவில்லை,
அவரிடம் கேட்டதைச் சரிபார்க்கவுமில்லை.
மீன் டின்னில் ஒரு சதுரம் வெட்டினேன்.
விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து
மூன்று கோடு இழுத்தேன்.
நடுக்கோட்டில் கை நிற்காமல்
வால்வரை போய்விட்டது.

புதுப்பல்லோடு வந்தார்.
சீட்டின் மூலையை விரலால் தடவினார்,
மூடியைத் திறந்து பார்த்தார், சிரித்தார்.
அப்புறம் கவிழ்த்தார்.

கீழே பஸ் கண்டக்டர் வெலிமடை வெலிமடை என்று
ஒரு பஸ்ஸை நிரப்பி அனுப்பினான்.
"இதை எங்க பார்த்தீங்க?"
என் பற்கள் அவர் வாயில் இன்னும் பழகவில்லை,
'ச' விசிலடித்தது.
"நான் பார்க்கல," என்றேன்.
அவர் வேறு கேட்கவில்லை.

தூக்கிக்கொண்டு போனார், குழந்தையை ஏந்துவதுபோல அல்ல,
சூடான சட்டியைத் தூக்குவதுபோல.

பத்து நாள் கழித்து, பல் வலி என்று வந்தார்.
வலி இல்லை.
"ஒரு ஸ்டாண்ட் வேணும் மிஸ். அடியில கண்ணாடி வச்சு.
மேலே நின்றாலும் தெரியணும்."

கடைவீதியில் அளவு கொடுத்து வெட்டினேன்.
ஓரம் தேய்த்தேன்.
கண்ணாடிக்குத் தனியாகக் காசு வாங்கினேன்.